கட்டியைத்தான் எடுத்தாச்சே, ரத்தம் எதுக்கு?

செங்கோட்டை, தென்காசிப் பக்கம் புற்றுநோய் என்றால் பலரும் புளியரை தாண்டித் திருவனந்தபுரத்துக்குத்தான் போவார்கள். சித்தப்பாவுக்கு 44 வயதில் பெருங்குடலில் கட்டி வந்தபோது நாங்களும் போனோம். அறுவை முடிந்ததும், மெழுகில் பதித்த கட்டித் துண்டை, அதாவது 'பிளாக்'கை, பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கூடவே கொஞ்சம் ரத்தமும் கேட்டார்கள். "கட்டியைத்தான் எடுத்தாச்சே, இப்போ ரத்தம் எதுக்கு?" என்றார் சித்தி. நியாயமான கேள்வி.

நம் டிஎன்ஏவில் பல இடங்களில் ஒரே எழுத்தோ, இரண்டு மூன்று எழுத்துகளோ திரும்பத் திரும்ப வரும். இவை மைக்ரோசாட்டிலைட்கள். களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இங்குள்ள சிக்கல் புரியும். "லாபம், ரெண்டு, மூணு" என்று மரக்காலை அள்ளிக் கொட்டும்போது, ஒரே வேலையைத் திரும்பச் செய்வதால் எண்ணிக்கை ஒன்று கூடும், ஒன்று குறையும். செல் பிரியும்போது டிஎன்ஏவை நகலெடுக்கும் நொதியும் இந்த இடங்களில் அப்படி வழுக்கும். களத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து கோடு போட்டுச் சரிபார்ப்பார். செல்லில் அந்த வேலையைச் செய்பவை எம்எல்எச்1, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6, பிஎம்எஸ்2 என்ற நான்கு மரபணுக்கள் தரும் புரதங்கள். அவற்றில் ஒன்று கெட்டால் பிழைகள் அப்படியே தங்கிவிடும். சோதனைக்கென்று தேர்ந்தெடுத்த இப்படியான இடங்களை மார்க்கர் என்பார்கள். பேட்-26 என்ற மார்க்கரில் 'ஏ' எழுத்து 26 முறை தொடர்ந்து வரும். இப்படிப்பட்ட கட்டிகளில் அது குறுகிப்போயிருக்கும்.

சரி, ரத்தம்? இந்த மார்க்கர்களில் பலவற்றின் நீளம் பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும். கட்டியில் நீளம் மாறியிருக்கிறதா என்று சொல்ல, அதே ஆளின் நல்ல டிஎன்ஏ அளவுகோலாக வேண்டும். இரண்டிலும் அந்த இடங்களைப் பிசிஆர் என்ற நகலெடுக்கும் முறையில் பெருக்கி, ஒளிரும் சாயம் சேர்த்து, மெல்லிய குழாயில் ஓடவிடுவார்கள். நீளத்துக்கு ஏற்ப அவை பிரிந்து, திரையில் முகடுகளாகத் தெரியும். ரத்தத்தில் இல்லாத முகடு கட்டியில் இருந்தால் அந்த மார்க்கர் நிலைகுலைந்தது என்று பொருள். 1997-இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய நிபுணர்கள் 5 மார்க்கர்களைப் பரிந்துரைத்தார்கள். இரண்டோ அதற்கு மேலோ மாறியிருந்தால் 'உயர் நிலையின்மை', அதாவது நகலெடுக்கும் பிழைகள் சரியாகாமல் மலிந்த கட்டி. நேர்மாறாகவும் நடக்கும்: அப்பா வழி, அம்மா வழி என ரத்தத்தில் இரண்டு முகடுகள் இருக்க, கட்டியில் ஒன்று தேய்ந்துபோயிருந்தால், குரோமோசோமின் அந்தத் துண்டையே கட்டி இழந்திருக்கலாம். கட்டியைத் தடுக்கும் மரபணு அதில் இருந்திருக்கலாம்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது அதற்கு முந்தைய வேலை. துண்டில் நல்ல செல்கள் அதிகம் கலந்திருந்தால் மாற்றம் மறைந்துபோகும். நோயியல் மருத்துவர் நுண்ணோக்கியில் பார்த்து, புற்று செல்கள் செறிந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டுக் கொடுக்கிறார். முழுச் சோதனையும் அந்த வட்டத்தை நம்பித்தான்.

பெருங்குடல் புற்றில் நூற்றில் சுமார் 15 இந்த உயர் நிலையின்மை வகை. பிழை மலிந்த கட்டியை நோயெதிர்ப்பு சக்தி எளிதில் அடையாளம் காணும். அதனால்தான், எந்த உறுப்பில் வந்திருந்தாலும் இந்த வகைக் கட்டிக்கு, நோயெதிர்ப்பு சக்தியைப் புற்றுக்கு எதிராக முடுக்கிவிடும் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைத் தரலாம் என்று 2017-இல் அமெரிக்கா அனுமதித்தது. மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காத நிலையில்.

பெரும்பாலோருக்கு இது பரம்பரையாக வருவதில்லை. சிலருக்கு வரும், லிஞ்ச் சிண்ட்ரோம் என்பது அதுதான். உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அந்தப் பழுதான மரபணு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. கர்ப்பப்பைப் புற்றும் அதில் சேர்த்தி. எங்கள் பாட்டி அதில்தான் போனார்.

சித்தப்பாவுக்கு ஐந்தில் நான்கு மாறியிருந்தன. அடுத்த ரத்தச் சோதனையில் பழுதான மரபணுவும் தெரிந்தது. அத்தை உடனே ரத்தம் கொடுத்துவிட்டார். அப்பா இன்னும் தயங்குகிறார். சித்தப்பாவின் அடுத்த செக்கப்புக்குத் துணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.