சாயம் காட்டும் கோடும், காட்டாத திசையும்

"சிஎக்ஸ்சிஆர்4 என்ற ஜீன்தான் புற்றுநோயைப் பரப்புகிறதாமே, அதை அப்படியே அணைத்துவிட்டால் என்ன?" கரு வளர்ச்சி ஆய்வில் இருப்பதால் என்னிடம் இதைப் பலரும் கேட்கிறார்கள். மார்பகப் புற்றணுக்கள் நுரையீரல், எலும்பு மஜ்ஜை போன்ற இடங்களுக்குப் பரவுவதில் அதற்குப் பங்கு உண்டு என்று 2001இல் வந்த ஆய்வு காட்டியது உண்மைதான். ஆனால் அந்த ஜீனின் அன்றாட வேலை என்ன என்று தெரிய, வரிக்குதிரை மீனின் கருவைப் பார்க்க வேண்டும்.

இந்த மீனின் விலாவில், நீரோட்டத்தை உணரும் உறுப்புகள் வரிசையாக இருக்கும். அவற்றில் உள்ள மயிர்ச்செல்கள் நம் உட்காதில் இருப்பவற்றைப் போன்றவையே. அந்த உறுப்புகளை அமைக்க, காதை ஒட்டிய இடத்திலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட செல்கள் ஒரே கூட்டமாகக் கிளம்புகின்றன. கரு உருவாகி ஏறக்குறைய இரண்டாம் நாள் முடிவதற்குள் இந்தக் கூட்டம் வால் நுனிக்குப் போய்விடும். வழியில் ஐந்தாறு இடங்களில் சிறு கொத்துகளை விட்டுச் செல்லும்.

பாதை போடுவது சிஎக்ஸ்சிஎல்12ஏ என்ற கீமோகைன், அதாவது செல்களை ஈர்க்கும் சைகைப் புரதம். அது எங்கே உருவாகிறது என்று பார்க்க அதன் ஆர்.என்.ஏ.வுக்குச் சாயம் ஏற்றினால் விலாவின் நடுவே நீளமாக ஒரு கோடு தெரியும். புது மாணவர்கள் இந்தப் படத்தைப் பார்த்ததும், "வால் பக்கம் கீமோகைன் அதிகம், அதனால்தான் அங்கே போகிறது" என்று சொல்லிவிடுவார்கள். அப்படி இல்லை. கோட்டில் பாதை இருக்கிறது, திசை இல்லை. பாதை பிசகிய கருக்களில் கூட்டம் திரும்பித் தலைப்பக்கமே நகர்ந்ததும் உண்டு.

அப்புறம் திசை எங்கிருந்து வருகிறது? கூட்டமே அதை உண்டாக்கிக்கொள்கிறது. முன்வரிசைச் செல்கள் சிஎக்ஸ்சிஆர்4பி ஏற்பியால் கீமோகைனை உணர்கின்றன. ஏற்பி என்பது செல்லின் மேல் இருந்து சைகையைப் பிடிக்கும் புரதம்; இது முதலில் சொன்ன சிஎக்ஸ்சிஆர்4இன் மீன் வடிவம். பின்வரிசையில் இருக்கும் சிஎக்ஸ்சிஆர்7பி என்ற இன்னொரு ஏற்பி அதை உள்ளே இழுத்து அழித்துவிடுகிறது. பின்னால் கீமோகைன் தீர்ந்துபோக, முன்னால் மிஞ்சுகிறது. கூட்டம் அந்தப் பக்கம் நகர்கிறது. 2013இல் ஹைடல்பெர்க்கிலும் நியூயார்க்கிலும் இருந்த இரு குழுக்கள் இதைத் தனித்தனியே நிரூபித்தன. எங்கள் துறையில் நான் மிகவும் மதிக்கும் முடிவுகளில் இதுவும் ஒன்று. ஒரு ஜீனின் சாயப்படத்தை மட்டும் வைத்து யாரும் இதை ஊகித்திருக்க முடியாது.

அதே சிஎக்ஸ்சிஆர்4பி, மூக்காக மாறப்போகும் செல்கள் ஒன்றுகூடவும், கண்ணின் நரம்பிழைகள் வழி தவறாமல் போகவும் தேவைப்படுகிறது.

சரி, அணைத்துவிடலாமா? அது அவ்வளவு எளிதல்ல. மனிதரில் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி ரத்தத் தாய்ச்செல்களை மஜ்ஜையில் பிடித்து வைக்கிறது. 2008இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிளெரிக்ஸாஃபோர் என்ற மருந்து அதைக் கொஞ்ச நேரம் தடுக்கும். அப்போது ரத்தத்துக்கு வரும் தாய்ச்செல்களை மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்காகச் சேகரிக்கிறார்கள். மாறாக, 'விம்' என்ற அரிய பரம்பரை நோயில் இந்த ஏற்பி சரியாக ஓய்வதில்லை. வெள்ளணுக்கள் மஜ்ஜையிலேயே தங்கிவிட, நோயாளிக்குத் தொற்றுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.