பச்சையாக நிற்கும் செடியை உடனே நம்பாதீர்கள்

இலைச்சுருள் நோயைத் தாங்கும் தக்காளி ரகம் தேடுபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, "தொற்றும் குளோன் ஒன்று கிடைக்குமா?" தொற்றும் குளோன் என்பது செடிக்குள் செலுத்தினால் நோயை உண்டாக்கும், ஆய்வகத்தில் செய்த வைரஸ் நகல். கேட்பது நியாயம்தான். வயலில் எந்தச் செடியில் நோய் பரப்பும் வெள்ளை ஈ எத்தனை உட்கார்ந்தது என்று யாருக்குத் தெரியும்? நோயை எதிர்த்த செடியும் ஈ படாமல் தப்பிய செடியும் பார்வைக்கு ஒன்றுதான். வைரஸின் மரபுப்பொருளை முழுதாக ஒரு பிளாஸ்மிடில் (பாக்டீரியாவுக்குள் தங்கும் சிறு டி.என்.ஏ. வளையம்) ஏற்றி, அதைச் செடிக்குள் டி.என்.ஏ.வைக் கடத்தும் அக்ரோபாக்டீரியம் என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் எல்லாச் செடிக்கும் ஒரே அளவில் செலுத்தினால் அந்தக் குழப்பம் தீரும்.

சரி, குளோனே பழுதாக இருந்தால்?

ஒருமுறை நான் கட்டிய பொட்டிவைரஸ் (வேறொரு தாவர வைரஸ் வகை) குளோனைச் செலுத்திய செடிகள் மூன்று வாரம் ஆகியும் பளபளவென்று நின்றன. நோய்க்கு எளிதில் ஆட்படும் ரகமும் கூடவே பச்சையாக நின்றதால்தான் சந்தேகம் வந்தது. குளோனின் முழு மரபு எழுத்து வரிசையையும் படித்தபோது ஓரிடத்தில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. பொட்டிவைரஸ் சுமார் பத்தாயிரம் எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ. தன் புரதங்களில் பெரும்பாலானவற்றை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்து பிறகு வெட்டிக்கொள்ளும். நடுவே ஓர் எழுத்து போனால் அதற்குப் பின் வருவதெல்லாம் பிசகும்.

அந்த எழுத்து ஏன் போனது? குளோனை முதலில் ஈ.கோலை என்ற பாக்டீரியாவில்தான் பெருக்குகிறோம். வைரஸ் புரதங்கள் சில அதற்கு ஒவ்வாதவை. அவற்றைச் செய்யாதபடி மாறிப்போன செல்கள் வேகமாகப் பெருகும். நாமும் தட்டில் கொழுத்திருக்கும் காலனியைத்தான் எடுக்கிறோம்! இப்போது நான் மெதுவாக வளரும் சின்னக் காலனிகளையும் விடுவதில்லை, வெப்பத்தையும் குறைத்து வளர்க்கிறேன். அந்தப் பகுதிக்குள் ஒரு தாவர இன்ட்ரானைச் (புரதம் செய்யுமுன் வெட்டி நீக்கப்படும் மரபுத் துண்டு) செருகுவதும் நல்ல வழி. பாக்டீரியாவால் அதை வெட்டி நீக்க முடியாது, அதனால் அந்தப் புரதம் முழுதாக உருவாகாது. செடி அதை வெட்டி நீக்கிவிடும்.

முற்றிலும் செத்த குளோன் சீக்கிரம் பிடிபடும். பாதி பலவீனமான குளோன்தான் ஆபத்து. லேசாக நோய் காட்டும், வலுவில்லாத ரகத்தையும் எதிர்ப்புத்திறன் உள்ளதாகக் காட்டிவிடும். அதை நம்பி விதை பெருக்கினால் நட்டம் விவசாயிக்கு. அதனால் நோயுள்ள வயல் செடியிலிருந்து எடுத்த மூல வைரஸையும் குளோனையும் அருகருகே வைத்து ஒப்பிடாமல் நான் யாருக்கும் குளோன் கொடுப்பதில்லை. இரண்டு டி.என்.ஏ. கூறுகள் கொண்ட ஜெமினிவைரஸ் (இலைச்சுருள் வைரஸ் சேர்ந்த குடும்பம்) என்றால் இரண்டையும் சேர்த்தே செலுத்த வேண்டும். நோய் முழுதாக வெளிப்பட பீட்டாசாட்டிலைட் (வைரஸோடு சேர்ந்து பரவும் சிறு டி.என்.ஏ.) தேவைப்படும் வைரஸுக்கு அதையும் சேர்க்க வேண்டும்.

அப்புறம் பி.சி.ஆர்., அதாவது மரபுத் துண்டைப் பலமடங்கு பெருக்கிக் காட்டும் சோதனை. சிரிஞ்ச் வைத்த இலையில் அக்ரோபாக்டீரியம் நாட்கணக்கில் தங்கும். அதிலுள்ள பிளாஸ்மிடே பட்டையாகத் தெரியும், வைரஸ் பெருகியதற்கு அது சாட்சி ஆகாது. செலுத்திய பிறகு புதிதாக விரிந்த மேல் இலைகளைச் சோதியுங்கள். வெற்று பிளாஸ்மிட் செலுத்திய செடியும் பக்கத்தில் இருக்கட்டும்.

குளோனிலிருந்து எழும் வைரஸ் உண்மையான வைரஸ்தான், வெள்ளை ஈக்கு வித்தியாசம் தெரியாது. பூச்சி புகாத கூடமும் இரட்டைக் கதவும் கட்டாயம். முடிந்த செடியும் மண்ணும் ஆட்டோகிளேவுக்குப் (அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் கருவி) போன பிறகே குப்பைக்கு. உங்கள் பகுதியில் இல்லாத வைரஸின் குளோனை உரிய அனுமதியில்லாமல் வரவழைக்காதீர்கள்.

உறைபெட்டியிலுள்ள குளோனுள்ள பாக்டீரியாவைச் சேமித்த பழைய கிளிசரால் குப்பியிலிருந்து மறுபடி வளர்க்கும்போது, செடியைத் தொடும் முன் வரிசையை இன்னொரு தடவை படித்துவிடுங்கள். சில நாள் வேலைதான்.