கிறிஸ்துமஸ் தொங்கலும் தைலப் பாட்டிலும்

நவம்பர் பாதி தாண்டினால் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்து வீடுகளில் நட்சத்திரம் கட்டும் வேலையோடு இப்போது இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. பட்டைத்தூளைப் பிசைந்து மணி, மான், இதயம் என்று வெட்டிக் காயவைக்கிறார்கள். பைன் காயைத் துடைத்து நூல் கட்டுகிறார்கள். எல்லாவற்றின் மேலும் நாலு சொட்டு வாசனை எண்ணெய் விட்டு மரத்தில் தொங்கவிடுகிறார்கள். கடையில் வாங்கும் பளபளப்பு உருண்டைகளைவிட எனக்கு இது பிடித்திருக்கிறது. பிளாஸ்டிக்குக்குக் கட்டுப்பாடு உள்ள மாவட்டம் நம்முடையது. போதாததற்குப் பிள்ளைகளும் ஒரு சாயங்காலம் முழுக்க போனைத் தொடாமல் இருக்கிறார்கள். ஆகவே இதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல வரவில்லை.

நான் குழந்தை மருத்துவர். மரத்தில் தொங்கிய பொருளால் உடம்புக்கு வந்து என்னிடம் வந்த குழந்தைகள் குறைவு. அதைச் செய்துகொண்டிருந்தபோது மேசைமேல் மூடி கழன்று நின்ற பாட்டிலால் வந்தவர்கள்தான் கவலைக்குரியவர்கள். பெரும்பாலும் ஒன்றரை வயதிலிருந்து நாலு வயதுக்குள். அக்காவும் அண்ணனும் தொங்கல் செய்கிறார்கள், அம்மா அடுப்பைப் பார்க்கப் போகிறாள், சின்னது நாற்காலியில் ஏறிவிடுகிறது. அதிலும் பாட்டிலில் இருப்பது நீலகிரித் தைலம் என்றால் வீட்டில் யாரும் பதறுவதில்லை. "சளிக்கு நல்லதுதானே டாக்டரம்மா, ஒரு வாய்தான் குடிச்சிருப்பான், வாய் கழுவி விட்டுட்டேன்" என்று பாட்டி நிதானமாகச் சொல்லும்போது அவர் தோளில் கிடக்கும் பேரன் கண் திறக்காமல் துவண்டிருப்பான்.

அந்த நிதானம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். கற்பூர மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து இந்த மலைக்கு வந்தது. அன்றிலிருந்து விறகும் அதுதான், வைத்தியமும் அதுதான். பிறந்த நாளிலிருந்து மூக்கில் ஏறிய வாசத்தைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? ஆனால் தைலம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு ஒரு கணக்குப் புரியும். நூறு கிலோ இலையை அடைத்து ஆவியேற்றினால் இறங்குவது ஒன்றிரண்டு கிலோ தைலம். அப்படியானால் ஒரு டீஸ்பூன் தைலத்துக்குள் கால் கிலோவிலிருந்து அரைக் கிலோ வரை இலை இருக்கிறது. அவ்வளவு இலையை எந்தக் குழந்தையும் தின்னாது. ஒரு டீஸ்பூனை ஒரே மடக்கில் விழுங்கிவிடும்.

சின்னக் குழந்தை இரண்டு மூன்று மில்லி விழுங்கினாலே வாந்தி, தள்ளாட்டம், தூக்கம் என்று ஆரம்பிக்கலாம். ஐந்து மில்லியைத் தொட்டால் வலிப்பு, மயக்கம், மூச்சு மந்தமாவது வரை போகலாம். அதுவும் மெதுவாக இல்லை. சில நிமிடங்களில், பெரும்பாலும் அரை மணிக்குள் தெரிந்துவிடும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரம் கழித்தும் வரும். தைலத்தில் பெரும்பகுதி சினியோல் என்ற பொருள். குடலில் வேகமாக உறிஞ்சப்பட்டு மூளையை மந்தப்படுத்துவது அதுதான். இன்னொரு சிக்கல், தைலம் தண்ணீர்போல் நீர்த்தது, மண்ணெண்ணெய் போலவே. வாந்தி எடுக்கும்போது தொண்டையிலிருந்து நுரையீரலுக்குள் வழுகிப்போய் அங்கே புண்ணாக்கும். அதனால்தான் உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள் என்று தலையில் அடித்துக்கொள்கிறோம். பாட்டிமாரின் முதல் கைவைத்தியம் இன்றும் உப்புத்தண்ணீர்தான். விழுங்கியதைவிட அது செய்யும் கெடுதல் பெரிதாகிவிடுகிற நாட்கள் உண்டு.

விழுங்கிவிட்டால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். வாயில் மிச்சம் இருப்பதை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். பால், மோர், எண்ணெய் எதுவும் வேண்டாம். விழிப்பாக இருந்தால் உட்கார வைத்தே தூக்கி வாருங்கள். துவண்டிருந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். பாட்டிலை, காலியானாலும், கையோடு கொண்டு வாருங்கள். எது, எவ்வளவு என்பதைப் பாட்டில்தான் எங்களுக்குச் சொல்லும். 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸில் உள்ள தேசிய நச்சுத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற கட்டணமில்லாத எண் இருக்கிறது, எந்த நேரமும் கேட்கலாம். சமவெளியில் இருப்பவர்களுக்கு ஐந்து நிமிடம் பார்த்துவிட்டுக் கிளம்பலாமே என்று தோன்றலாம். நம் எஸ்டேட்டிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு வளைவு வளைவாக இறங்க ஒரு மணி நேரம் ஆகும்போது அந்தப் 'பார்த்துவிட்டு' என்பதற்கு இடமில்லை. குழந்தை சும்மா விளையாடிக்கொண்டிருந்தாலும் சில மணி நேரம் எங்கள் கண்ணெதிரே இருக்கட்டும்.

நீலகிரித் தைலத்தையே இவ்வளவு சொல்லிவிட்டேன், ஊட்டிக் கடை அலமாரியில் அதன் பக்கத்தில் நிற்கும் விண்டர்கிரீன் தைலம் அதைவிட மோசம். மூட்டுவலிக்குத் தேய்ப்பது; இந்த மலை உச்சிகளில் தானாக வளரும் ஒரு குத்துச்செடியிலிருந்தும் எடுப்பார்கள். மணம் மிட்டாய் மாதிரி இனிப்பாக இருப்பதால் தொங்கலுக்கு விடலாமே என்று தோன்றும். கிட்டத்தட்ட முழுக்க மெத்தில் சாலிசிலேட். ஒரு டீஸ்பூனில் சுமார் இருபது ஆஸ்பிரின் மாத்திரைக்குச் சமமான மருந்து இருக்கிறது. ஒரு டீஸ்பூனுக்கும் குறைவாக விழுங்கி இறந்த குழந்தைகளைப் பற்றி மருத்துவப் புத்தகங்களில் பதிவு உண்டு. சின்னப் பிள்ளை உள்ள வீட்டுக்குள் இது வரவே வேண்டாம் என்பது என் கருத்து, மூட்டுவலிக்கும்கூட. கிராம்பு எண்ணெய் கல்லீரலைக் கெடுக்கும். பட்டை எண்ணெய் தோலில் பட்டால் எரியும், சிலருக்குக் கொப்புளமே வரும். சூடத்தைப் பொட்டலம் கட்டி மரத்தில் தொங்கவிடும் பழக்கத்தையும் சில வீடுகளில் பார்க்கிறேன். ஒரு கிராம் சூடம் ஒரு சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. வலிப்பு பத்து நிமிடத்தில்கூட வரலாம்.

வாசம் வேண்டாம் என்றா சொல்கிறேன்? எண்ணெய்க்குப் பதில் இலையை எடுங்கள். சமவெளிக்காரர்கள் பாட்டில் வாங்குவதில் நியாயம் உண்டு, அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு வாசலிலேயே இருக்கிறது. கற்பூர மரத்து இலையை நிழலில் ஒரு வாரம் உலர்த்திக் கையால் நொறுக்குங்கள். எலுமிச்சைப்புல், ஜெரேனியம் இலை, இரண்டு துண்டு பட்டை சேர்த்துப் பழைய பருத்திப் புடவையில் உள்ளங்கையளவு பை தைத்து அடைத்து, வாயை நெருக்கித் தைத்துவிடுங்கள். அது பையாகவும் இருக்கலாம், நட்சத்திரமாகவும் இருக்கலாம், தைப்பவர் கைப்பாடு. வாசம் மங்கினால் ஒரு கசக்கு கசக்கினால் போதும், மறுபடி வரும். உள்ளே இருக்கும் எண்ணெய் முழுதும் சேர்ந்தாலும் சில சொட்டுதான், அதுவும் இலைக்குள் பூட்டியிருக்கிறது. ஆரஞ்சை வட்டமாக நறுக்கி நூறு டிகிரிக்குக் கொஞ்சம் குறைவான சூட்டில் ஓவனில் மூன்று நாலு மணி நேரம் வைத்தால் கண்ணாடிபோல் உலரும், வெளிச்சத்தில் பார்க்க அழகு. முழு ஆரஞ்சில் கிராம்பைக் குத்திக் குத்திக் கோலம் போடுவது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல வேலை. மூன்று வயதுக்குள் உள்ளவர்களைக் கிராம்புக் கிண்ணத்தின் பக்கம் விடாதீர்கள். மிளகும் கிராம்பும் மூச்சுக்குழலில் போய் உட்கார்ந்துகொள்ளச் சரியான அளவு.

பைன் காய் பொறுக்கக் காட்டுக்குள் போக வேண்டாம். காட்டெருமையிடம் மாட்டியவர்கள் என்னிடம் வருவதில்லை, எலும்பு டாக்டரிடம் போகிறார்கள்.

பட்டைத்தூள் தொங்கல் அமெரிக்க வழக்கம். சர்க்கரை போடாத ஆப்பிள் மசியலும் பட்டைத்தூளும் ஏறத்தாழ சம அளவு, பிசைந்து, தேய்த்து, வெட்டி, மெல்லிய சூட்டில் இரண்டு மணி நேரம். சேர்க்கும் எண்ணெய் ஏதுமில்லாமலே வீடு மணக்கும். நம் ஊரில் இதில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று ஈரம். குன்னூர், கோத்தகிரிச் சரிவுக்கு வடகிழக்கு மழை டிசம்பரிலும் வரும். வெயிலில் காயவைக்கிறேன் என்று மாடியில் வைத்து மூன்று நாள் மேகமாகவே போய்விட்டால், வெளியே காய்ந்ததுபோல் இருக்கும் தொங்கலின் நடுவில் பூசணம் பிடிக்கும். பூசணம் பிடித்ததைத் துடைத்து மாட்டாதீர்கள், ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு அது போதும். ஓவன் இல்லாதவர்கள் இட்லி கனத்துக்குத் தேய்க்காமல் மெல்லிசாகத் தேய்த்து, இரும்புத் தவாவில் மிகக் குறைந்த தீயில் திருப்பித் திருப்பி வாட்டலாம். இன்னொன்று தூள். 2023-ல் அமெரிக்காவில் பட்டை கலந்த ஆப்பிள் மசியல் பாக்கெட்டுகளில் ஈயம் இருந்தது தெரியவந்து அவற்றைத் திரும்பப் பெற்றார்கள். ஈயம் வந்த வழி பட்டைத்தூள். அலங்காரத்துக்குத்தானே என்று எடைக்கு விற்கும் மலிவுத் தூளை வாங்காதீர்கள். பல் முளைக்கும் குழந்தைக்கு அலங்காரம் என்றும் பண்டம் என்றும் வித்தியாசம் தெரியாது. பட்டையாக வாங்கி வீட்டில் அரையுங்கள். உலர்ந்த தூளைப் பிள்ளைகள் கிளறவோ ஊதவோ வேண்டாம். மசியலை முதலில் ஊற்றி ஈரமாக்கிய பிறகு கையில் கொடுங்கள். உள்ளே போன தூள் நுரையீரலில் கரைவதில்லை.

மைதாவும் உப்பும் பிசைந்து செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு கப் மைதாவுக்கு ஒரு கப் உப்பு என்பது சாதாரண அளவில்லை. குழந்தை நக்கிப் பார்த்துத் துப்பிவிடும், நாய்க்குட்டி முழுதாகத் தின்றுவிடும். இரத்தத்தில் உப்பு ஏறி அதற்கும் வலிப்பு வரும். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் குழந்தையின் கைத்தடம் எடுப்பவர்கள் கையை உள்ளே வைத்து இறுக விடவே கூடாது. இறுகும்போது அது சூடாகும். இங்கிலாந்தில் 2007-ல் ஒரு பள்ளி மாணவி அப்படிக் கையை வைத்ததில் பெரும்பாலான விரல்களை இழந்தாள். தடம் வேண்டுமென்றால் மைதா மாவில் எடுங்கள்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணெய்தான் வேண்டும் என்றால், சின்னக் குழந்தைகள் இல்லாத வீட்டில் தாராளமாகச் செய்யுங்கள். இருக்கிற வீட்டில் அவர்கள் தூங்கிய பிறகு செய்யுங்கள். ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களிடம் நான் கேட்பதும் இதுவே: பிள்ளைகள் வெட்டட்டும், வண்ணம் தீட்டட்டும், எண்ணெய் விடுவது மட்டும் கடைசியில் பெரியவர் ஒருவரின் கையால் நடக்கட்டும். ஒரு தொங்கலுக்கு இரண்டு மூன்று சொட்டு போதும். இருபது சொட்டு ஒரு மில்லி. நம் ஊர்ப் பாட்டில்களில் பலவற்றுக்குச் சொட்டுமூடி கிடையாது, திருகைத் திறந்தால் வாய் முழுதும் திறந்துகொள்ளும். மருந்துக் கடையில் ஒரு டிராப்பர் வாங்கிக்கொள்ளுங்கள். டம்ளரிலோ பேப்பர் கப்பிலோ ஊற்றி வைக்காதீர்கள். மேசையில் டீயும் அதே கப்பில்தான் இருக்கும். தொங்கல் முழுதும் காய்ந்து ஆறிய பிறகே எண்ணெய் விடுங்கள். எண்ணெய் விட்டதை மறுபடி ஓவனில் வைக்கக் கூடாது. நீலகிரித் தைலத்தின் ஆவி ஏறத்தாழ ஐம்பது டிகிரி சூட்டிலேயே ஒரு பொறி பட்டால் தீப்பிடிக்கும். தைலத்தில் நனைத்த பஞ்சைக் குடிலின் வைக்கோலில் செருகி முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுவது எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். தெர்மாகோல் உருண்டையிலும் முயலாதீர்கள்: ஆரஞ்சு எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் அந்த இடம் உங்கள் கண்ணெதிரே கரைந்து குழிவிழும். பிசைந்த கையால் கண்ணைக் கசக்கிவிட்டால் ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு வாருங்கள்.

கைக்குழந்தை இருக்கும் அறையில் மரம் வாசனை இல்லாமலே இருக்கட்டும். இரண்டு வயதுக்குள் உள்ள குழந்தையின் மூக்கருகே மெந்தால், சூடம், தைலம் எதுவும் கூடாது. சிலருக்குத் தொண்டை இறுகி மூச்சு நின்றுபோகும். உறைபனிக் காலத்தில் நாம் ஜன்னலைச் சாத்தினால் விடியும் வரை திறப்பதில்லை. ஊரில் மூச்சிரைப்பு அதிகமாக இருக்கும் மாதமும் இதுதான். பெரியவர்களுக்கு இதமாக இருக்கும் வாசம் அந்த அடைத்த அறையில் ஆஸ்துமாக் குழந்தையை நடுராத்திரி எழுப்பிவிடும். பூனை வளர்ப்பவர்களும் எண்ணெய் விட்ட தொங்கலைத் தாழ மாட்டாதீர்கள். இந்த எண்ணெய்களை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு, உடம்பில் பட்டதையெல்லாம் அது நக்கும்.

ஜனவரியில் எல்லாவற்றையும் அட்டைப்பெட்டியில் கட்டிப் பரணில் ஏற்றும்போது பூச்சி வரக்கூடாது என்று அந்துருண்டை போடுகிறவர்கள் நிறைய. துணித் தொங்கல் அந்த வாசத்தைக் குடித்து வைத்திருக்கும். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு நாஃப்தலீன் உடம்பில் சேர்ந்தால் இரத்தச் சிவப்பணுக்கள் உடையும். பச்சிளம் குழந்தையாக இருந்தால் மஞ்சள்காமாலை கடுமையாகும். மாட்டி விளையாடும் துணியாக இருந்தாலும் போர்த்தும் கம்பளியாக இருந்தாலும் இதே கதைதான். பெட்டிக்குள் காய்ந்த வேப்பிலையோ ஒரு கைப்பிடி கற்பூர மரத்து இலையோ போட்டு, மூடியை நெகிழியில்லாத டேப்பால் ஒட்டிவிடுங்கள். அடுத்த டிசம்பரில் பெட்டியைத் திறந்ததும் தொங்கல்களை ஒரு நாள் வெளியில் காற்றாட விட்டு, பூசணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாட்டுங்கள்.