வலையருகில் நிற்பவர் எப்போது கிளம்புகிறார்?

2017 ஜனவரியில் நுங்கம்பாக்கத்தில் நடந்த சென்னை ஓப்பன் டென்னிஸின் ஆண்கள் இரட்டையர் இறுதிப்போட்டியில் ஆடிய நால்வருமே இந்தியர்கள். ரோகன் போபண்ணாவும் சென்னைக்காரரான ஜீவன் நெடுஞ்செழியனும் சேர்ந்து, புரவ் ராஜா - திவிஜ் சரண் ஜோடியை 6-3, 6-4 என்று வென்றார்கள். இதுபோன்ற ஆட்டங்களில் நம் கண் பந்தைத் துரத்திக்கொண்டே இருக்கும். ஆனால் வேடிக்கை பார்க்க வேண்டிய ஆள் பந்தைத் தொடாமல் வலைக்கு அருகே குனிந்து நிற்பவர். கூட்டாளி சர்வ் போடுவதற்கு முன் முதுகுக்குப் பின்னால் கையை வைத்து விரல்களை மடக்கி நீட்டுவார். சர்வ் எந்தப் பக்கம் போக வேண்டும், தான் எந்தப் பக்கம் பாயப் போகிறேன் என்பதைக் கூட்டாளிக்கு மட்டும் தெரிவிக்கும் சைகை அது.

எதற்கு இந்த ரகசியம்? பந்தைப் பார்த்து ஓடினால் போதாதா? போதாது. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும்.

டென்னிஸ் களத்தின் நீளம் 23.77 மீட்டர். எதிராளி தன் பேஸ்லைனுக்கு, அதாவது களத்தின் கடைசிக் கோட்டுக்கு, சற்றுப் பின்னால் நின்று சர்வைத் திருப்பி அடிக்கிறார். நம் ஆள் வலையிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி நிற்கிறார். இடையில் சுமார் 15 மீட்டர். ரிட்டர்ன் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்தத் தூரத்தைக் கடக்க அரை வினாடிதான் ஆகும். அதில் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கால் அசைய ஆரம்பிப்பதற்கே கிட்டத்தட்ட கால் வினாடி போய்விடும். எவ்வளவு பயிற்சி எடுத்தாலும் இந்தத் தாமதத்தைப் பெரிதாகக் குறைக்க முடியாது.

மிச்சம் இருப்பது இன்னொரு கால் வினாடி. குறுக்காக வரும் ரிட்டர்ன் அவரிடமிருந்து இரண்டரை மீட்டர் விலகிப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். கையும் ராக்கெட்டும் சேர்ந்து ஒன்றரை மீட்டர் எட்டும். பாக்கி ஒரு மீட்டரை உடம்பு நகர்ந்துதான் பிடிக்க வேண்டும். நின்ற இடத்திலிருந்து கால் வினாடியில் ஒரு மீட்டர் என்பது ஒலிம்பிக் ஓட்டக்காரருக்கும் நடக்காத காரியம். ஆக, குறுக்கே பாய்ந்து அந்தப் பந்தை வெட்டும் வீரர், எதிராளி பந்தை அடிப்பதற்கு முன்பே கிளம்பியிருக்கிறார். நமக்கு அது மின்னல் வேக எதிர்வினையாகத் தெரிகிறது. உண்மையில் அது ஊகம்.

சரி, எப்போது கிளம்புவது? ரொம்ப சீக்கிரம் கிளம்பினால் எதிராளி பார்த்துவிடுவார். காலியான ஓரத்தில் நேராக அடித்துப் புள்ளியை எடுத்துக்கொண்டு போய்விடுவார். தாமதித்தால் பந்து தாண்டிப் போய்விடும். இங்கேதான் எனக்குப் பிடித்த நுட்பம் இருக்கிறது. நரம்பின் தாமதம் எதிராளிக்கும் உண்டு. அவர் ராக்கெட்டை முன்னோக்கி வீசத் தொடங்கிவிட்டால், பந்தில் படுவதற்கு முந்தைய கால் வினாடிக்குள் என்ன பார்த்தாலும் அடியை மாற்ற முடியாது. அந்தச் சின்ன இடைவெளியில் கிளம்புபவரைத் தடுக்க வழியே இல்லை. இந்திய இரட்டையர் வீரர் லியாண்டர் பயஸ் வலையருகே அத்தனை ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்ததில் கை வேகத்துக்குப் பங்கு உண்டுதான். கிளம்பும் நேரத்தைப் பிடித்ததற்குத்தான் பெரிய பங்கு என்பேன். அவரும் மகேஷ் பூபதியும் 1999-ல் நான்கு கிராண்ட் ஸ்லாம் இறுதிப்போட்டிகளுக்கும் போனார்கள். பிரெஞ்சு ஓப்பனையும் விம்பிள்டனையும் வென்றார்கள். சென்னையில் இந்த ஜோடி ஐந்து முறை பட்டம் வாங்கியது.

ஒவ்வொரு முறையும் பாய்ந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சிலமுறை பாய வேண்டும், சிலமுறை பாய்வதுபோல் தோளை மட்டும் அசைத்துவிட்டு நிற்க வேண்டும். இதன் உச்சம்தான் ஐ ஃபார்மேஷன். வலை வீரர் நடுக்கோட்டிலேயே தரையோடு தரையாகக் குந்திக்கொள்வார். தலைக்கு மேலே சர்வ் பறக்கும். அப்புறம் இடமா வலமா என்பது அவருக்கும் கூட்டாளிக்கும் மட்டுமே தெரியும். அப்போது சர்வும் பெரும்பாலும் களத்தின் நடுவை நோக்கித்தான் போகும். எதிராளியை ஓரத்துக்கு இழுத்தால் அவருக்குக் கூர்மையான கோணங்கள் கிடைத்துவிடும். நடுவில் நிறுத்தினால் கோணம் சுருங்கும்.

இரட்டையருக்காகக் களம் 8.23 மீட்டரிலிருந்து 10.97 மீட்டராக விரிகிறது. ஆனால் ஆள் இரண்டு மடங்கு என்பதால் தலைக்கு ஐந்தரை மீட்டர்தான். ஓட்டம் குறைவு, ஊகம் அதிகம். 2024 ஆஸ்திரேலிய ஓப்பனில் மேத்யூ எப்டனுடன் சேர்ந்து இரட்டையர் பட்டம் வென்றபோது போபண்ணாவுக்கு 43 வயது. அந்த வயதில் ஒற்றையர் பட்டத்தை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

பலரும் கவனிக்காத இன்னொரு விஷயம், வெயில். இரட்டையரில் சர்வ் முறை நான்கு பேருக்கும் சுற்றி வருகிறது. ஒரு செட்டில் 1, 3, 5 என்று ஒற்றைப்படை கேம்களுக்குப் பிறகு ஜோடிகள் பக்கம் மாறுகின்றன. இரண்டும் சேர்வதால், 6-6 வந்தால் ஆடும் டை-பிரேக்கைத் தவிர, ஒரு செட் முழுக்க ஒவ்வொரு வீரரும் ஒரே முனையிலிருந்துதான் சர்வ் போடுவார். பந்தை மேலே எறிந்து அண்ணாந்து பார்க்கும்போது, வலக்கைக்காரருக்குக் கண் கூசும் முனை இடக்கைக்காரருக்குக் கூசாமல் இருக்கலாம். அமெரிக்க இரட்டையர் ஜோடியான பிரையன் சகோதரர்களில் பாப் இடக்கை, மைக் வலக்கை. ஜீவனும் இடக்கைதான். இப்படி ஒரு ஜோடி அமைந்தால், யார் எந்த முனை என்பதை ஒவ்வொரு செட் தொடக்கத்திலும் வசதிப்படி மாற்றிக்கொள்ளலாம்.

கடைசியாகப் புள்ளிக் கணக்கு. ஆண்கள் தொழில்முறை டென்னிஸை நடத்தும் ஏடிபியின் இரட்டையர் ஆட்டங்களில் 2006 முதல் டியூஸ் (40-40 சமநிலை) வந்தால் ஒரே புள்ளியில் முடிவு. பழைய முறையில் இரண்டு புள்ளி முன்னிலை எடுக்க வேண்டும். சர்வை எந்தப் பக்கம் வாங்குவது என்று எதிர் ஜோடியே தேர்ந்தெடுக்கலாம். சர்வ் போடும் ஜோடி ஒவ்வொரு புள்ளியையும் வெல்ல 65 சதவீத வாய்ப்பு என்று கொண்டால், பழைய முறையில் அந்த கேமை வெல்லும் வாய்ப்பு 83 சதவீதம். புதிய முறையில் 80. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சர்வ் போடுபவரே எல்லா கேமையும் வெல்லும் ஆட்டங்களின் அலுப்பை இது கொஞ்சம் குறைக்கிறது. எனக்குப் பிடித்த மாற்றம்.

மூன்றாவது செட்டுக்குப் பதிலாக வைக்கும் 10 புள்ளி டை-பிரேக் (குறைந்தது இரண்டு புள்ளி முன்னிலையோடு முதலில் 10-ஐ எட்டுபவருக்கு வெற்றி) அப்படியல்ல. நூற்றுக்கு 52 புள்ளிகளை வெல்லும் தரமான ஜோடிக்கும் அதில் ஜெயிக்கும் வாய்ப்பு 57 சதவீதம் அளவுக்குத்தான் இருக்கும். கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். ஒன்றரை மணி நேரம் கஷ்டப்பட்டவர்களுக்கு இது அநியாயம். விம்பிள்டன் 2023-ல் ஆண்கள் இரட்டையரை ஐந்து செட்டிலிருந்து மூன்றாகக் குறைத்தது. ஆனால் மூன்றாவது செட்டை முழுசாகவே ஆட விடுகிறார்கள். 6-6 வந்தால் மட்டும்தான் அந்த 10 புள்ளி டை-பிரேக்.