‘நோ’ என்று வந்த ஒரு வரி

மஞ்சக்குப்பத்தில் டிடிபி சென்டர் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, டெசராக்ட் போட்டேன். கடைசி வரைக்கும் ஒரு எர்ரர் கூட வரல. ஆனா ஸ்கேன் பண்ண பக்கத்தைக் கொடுத்தா படிக்க மாட்டேங்குது." புதுச்சேரியிலிருந்து கடலூர் என்ன தூரமா, பஸ் ஏறிவிட்டேன்.

படத்தில் இருக்கும் எழுத்தைத் திருத்தக்கூடிய எழுத்தாக மாற்றித் தரும் இலவச மென்பொருள் டெசராக்ட். எச்பி நிறுவனத்தில் பிறந்து, 2005-ல் சோர்ஸ் கோடு (மூல நிரல்) எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. தமிழும் படிக்கும். அண்ணனிடம் இருப்பது லினக்ஸ் வகையான உபுண்டு 20.04. அதில் ஆப்ட் (மென்பொருளை ரெடிமேடாக இறக்கிப் போடும் கருவி) மூலம் கிடைப்பது டெசராக்ட் 4.1. அவருக்கு 2021 இறுதியில் வந்த 5 வேண்டும். சரி, சோர்ஸிலிருந்து கம்பைல் செய்ய, அதாவது மூல நிரலிலிருந்து தானே கட்டிக்கொள்ள இறங்கிவிட்டார். ஆசையில் தப்பில்லை.

செய்த விதத்தில்தான் தப்பு. கான்ஃபிகர் (தேவையானவை இருக்கிறதா என்று பார்ப்பது), மேக் (கட்டுவது), மேக் இன்ஸ்டால் (நிறுவுவது) என்ற மூன்று கட்டளைகளையும் ஒரே வரியாகக் கோர்த்து, எல்லாவற்றுக்கும் முன்னால் சுடோ (முழு அதிகாரத்தோடு ஓட்டச் சொல்வது) போட்டு, என்டரைத் தட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறார். நம்மில் பாதிப் பேர் செய்வதுதான்.

ஒரு பிஎன்ஜி படத்தைக் கொடுத்துப் பார்த்தேன். ‘பிக்ஸ்ரீட்ஸ்ட்ரீம்பிஎன்ஜி: ஃபங்ஷன் நாட் பிரசன்ட்’ என்றது. பிஎன்ஜி படிக்கும் வசதியே இல்லையாம். படத்தைத் திறந்து தருவது டெசராக்ட் அல்ல, லெப்டோனிகா என்ற லைப்ரரி, அதாவது மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு. அதையும் அண்ணன் சோர்ஸிலிருந்தே கட்டியிருந்தார். (தேவையே இல்லை. ஆப்டில் இருக்கும் லெப்டோனிகாவே 5-க்குப் போதும்.) அந்தக் கோப்புறையில் கான்ஃபிகரை மறுபடி ஓட்டி, ஓடிய வரிகளை மெதுவாக மேலே தள்ளிப் பார்த்தால், பிஎன்ஜிக்கு நேராக ‘நோ’.

"என் கம்ப்யூட்டர்ல பிஎன்ஜி நல்லாத்தானே தொறக்குது?" என்றார் அண்ணன். நியாயமான கேள்வி. படத்தைத் திறக்கும் லைப்ரரி இருந்தது. அதை வைத்து இன்னொரு நிரலைக் கட்டத் தேவையான ஹெட்டர் கோப்புகள் தனிப் பேக்கேஜ். பெயரின் கடைசியில் ‘டெவ்’ என்று இருக்கும். அது இல்லையே என்று கான்ஃபிகர் சண்டை போடவில்லை. பிஎன்ஜி வேண்டாம் போல என்று எடுத்துக்கொண்டு மேலே போய்விட்டது. கட்டாயம் வேண்டியது இல்லையென்றால்தான் அது நிற்கும். விருப்பத்துக்குரியது இல்லையென்றால் ஒரு ‘நோ’வோடு சரி.

டெவ் பேக்கேஜைப் போட்டு, லெப்டோனிகாவை மட்டும் சுத்தம் செய்து மறுபடி கட்டினோம். டெசராக்டைத் தொடவே இல்லை. அப்புறம் ‘எல்டிகான்ஃபிக்’ ஒருமுறை. புது லைப்ரரி வந்த சேதி அப்போதுதான் கணினிக்குத் தெரியும். பக்கம் ஓடியது. ‘ழ’வை மட்டும் இரண்டு இடத்தில் கோட்டை விட்டது.

சுடோ பற்றியும் அண்ணனைக் கொஞ்சம் கடிந்துகொண்டேன். கட்டும்போது ஓடுவது முழுக்க யாரோ எழுதிய ஸ்கிரிப்ட். 2024 மார்ச்சில், கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்ஸி யூட்டில்ஸ் என்ற மென்பொருளின் 5.6.0, 5.6.1 இரண்டிலும் திருட்டுத்தனமாக நுழைய ஒரு பின்கதவு இருந்தது அம்பலமானது. அதைக் கிளப்பிவிடும் வரி எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, நாம் இறக்கிக் கட்டும் வெளியீட்டுப் பொட்டலத்தில் மட்டும் இருந்தது. வேறு கணினிக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி இழுக்கிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட் என்ற புரோகிராமர் குடைந்ததால் மாட்டியது. இறக்கிய கோப்பு மாறாமல் வந்ததா என்று காட்டும் செக்சம் பார்த்திருந்தாலும் அதில் சிக்கியிருக்காது. பொட்டலத்தைப் போட்டவரே பராமரிப்பாளர். அதற்காக செக்சம் பார்க்காமல் விடலாம் என்று இல்லை. கான்ஃபிகரையும் மேக்கையும் சாதாரண பயனராகவே ஓட்டலாம், கடைசி இன்ஸ்டாலுக்கு மட்டும் சுடோ போதும். கான்ஃபிகரில் பிரிஃபிக்ஸை (எங்கே நிறுவ வேண்டும் என்ற இடம்) சொந்த ஹோம் கோப்புறைக்குள் கொடுத்தால் அதுவும் வேண்டாம்.

சோர்ஸ் கோப்புறையை அழிக்காதீர்கள் என்றும் சொல்லி வந்தேன். நிறுவியதை நீக்கும் மேக் அன்இன்ஸ்டால் ஓட்ட அது வேண்டும். இப்படிக் கட்டியதை ஆப்ட் அப்டேட்டும் செய்யாது, பாதுகாப்புத் திருத்தம் வந்தால் நாமேதான் மறுபடி கட்ட வேண்டும்.

போன வாரம் மறுபடி போன். "தம்பி, கான்ஃபிகர்ல ஜிஃப்னு ஒண்ணுக்கு நோ வந்திருக்கு. மேக் போடாம நிறுத்தி வச்சிருக்கேன்."

"நீங்க ஜிஃப்ல ஸ்கேன் பண்றீங்களா அண்ணே?"

"இல்ல."

"அப்போ போடுங்க."