நீர் குளிர்ந்தும் கெல்ப் காடு திரும்பவில்லை

கெல்ப் கடலில் வளரும் ஒரு பழுப்புப் பாசி. பாசிதானே என்று நினைக்க வேண்டாம், ஒரே பருவத்தில் தென்னை உயரத்துக்கு எழும்பிவிடும். வட கலிஃபோர்னியாவில் சுமார் 350 கிலோமீட்டர் கரையோரமாக இருந்த கெல்ப் காட்டில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துபோனது. 2014 முதல் 2016 வரை நீடித்த கடல் வெப்ப அலை முக்கியக் காரணம். அப்புறம் நீர் குளிர்ந்தது. காடு மட்டும் திரும்பவில்லை.

இந்தக் காடுகளின் கணக்கை வைத்திருப்பவை பூமியைப் படமெடுக்கும் அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள். மிதக்கும் கெல்ப் இலைகள் அகச்சிவப்பு ஒளியைத் திருப்பியனுப்பும், கடல் நீரோ அதை விழுங்கிவிடும். இந்த வேறுபாட்டை வைத்து, 1984 முதலான படங்களில் 30 மீட்டர் சதுரம் சதுரமாகக் காட்டின் பரப்பை அளக்கலாம். அதோடு நீரின் வெப்பம், நைட்ரேட், அலையின் வேகம் ஆகியவற்றைப் பொருத்திப் பார்த்தால், காட்டின் போக்கைக் கணிக்கும் ஒரு கணித மாதிரி (model) கிடைக்கிறது. நைட்ரேட்தான் கெல்ப்புக்கு உரம், ஆழத்திலிருந்து எழும் குளிர்நீர்தான் அதைக் கொண்டுவரும். கடல் சூடானால் கெல்ப் பட்டினி கிடக்கும்.

எந்த இடத்துக் காடு அழியும் என்று காட்ட, ஒவ்வொரு அபாயத்துக்கும் ஒரு மதிப்பெண் போட்டு, கூட்டி, வரைபடத்தில் சிவப்பு அடிப்பது எளிய வழி. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இங்கே அது போதாது, ஏனென்றால் ஒரு அபாயம் அடுத்ததற்குக் கதவைத் திறந்துவிட்டது. கடல் முள்ளெலி (sea urchin) என்பது உடலெங்கும் முள் கொண்ட, கெல்ப்பை மேயும் உருண்டையான கடல் உயிரினம். அதைத் தின்னும் நீர்நாய்கள் தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்தப் பகுதியிலிருந்து முன்பே ஒழிந்துவிட்டன. முள்ளெலிகளைத் தின்ன மிச்சமிருந்த சூரியகாந்தி நட்சத்திர மீன்களை 2013-ல் தொடங்கிய நோய் கொன்றது. சாதாரணமாக முள்ளெலிகள் பாறையிடுக்கில் உட்கார்ந்து, மிதந்து வரும் கெல்ப் துண்டுகளைத் தின்னும். வெப்பத்தால் அந்தத் துண்டுகள் குறைந்ததும் வெளியே வந்து, நிற்கும் கெல்ப்பையே மேய்ந்தன. தடுக்க ஆளில்லை.

பட்டினி கிடந்தாலும் முள்ளெலி பல ஆண்டுகள் உயிரோடிருக்கும். புதுத் தளிர் எட்டிப் பார்த்தால் போதும், தின்றுவிடும். எனவே காடு சரிந்தபோது இருந்த எண்ணிக்கைக்கு முள்ளெலிகளைக் குறைத்தால் போதாது, அதைவிடப் பல மடங்கு குறைக்க வேண்டும். போகும் வழி ஒன்று, திரும்பும் வழி வேறு. போன ஆண்டின் முள்ளெலியையும் கெல்ப்பையும் கணக்கில் சேர்க்காமல், இந்த ஆண்டின் வெப்பத்தை மட்டும் பார்க்கும் மாதிரி "காடு மீளும்" என்றுதான் சொல்லும்.

சரி, பணத்தை எங்கே செலவிடுவது? கெல்ப்பின் வித்துகள் பெரும்பாலும் தாய்ச்செடிக்கு அருகிலேயே விழுகின்றன. அதனால் மொட்டைப் பாறையை விட, தப்பிப் பிழைத்த திட்டுகளின் ஓரத்தில் முள்ளெலிகளை அகற்றுவதே பலன் தரும் என்பது என் கருத்து. வட கலிஃபோர்னியாவின் நோயோ (Noyo) வளைகுடாவிலும் காஸ்பர் கோவ் (Caspar Cove) என்ற சிறு குடாவிலும் முக்குளிப்பவர்கள் அந்த அகற்றும் வேலையைச் செய்திருக்கிறார்கள். பட்டினி முள்ளெலியின் உள்ளே சதைப்பற்று இருக்காது, விற்கவும் முடியாது. கூலி கொடுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. செயற்கைக்கோளுக்கு முள்ளெலி தெரியாது. அதை எண்ணக் கடலுக்குள் ஆள் இறங்க வேண்டும். யாரும் இறங்காத இடங்களில் மாதிரி காட்டும் நிறத்தை அவ்வளவாக நம்ப முடியாது.