விடியும்போது தப்புச் சத்தம் ஏன் பிந்துகிறது?

மாசியில் எங்கள் தோட்டத்துக் காமன் கூத்தை இரவு முழுக்கப் பதிவு செய்தோம். ஒரு கமரா, தப்பு மேளத்துக்குப் பக்கத்தில் மைக்கோடு தனி ரெக்கோடர், இரண்டையும் நிறுத்தாமல் ஓடவிட்டு, தொடக்கத்தில் ஒருமுறை கைதட்டி அந்தச் சத்தத்தை வைத்து இரண்டையும் பொருத்திக்கொண்டோம். கணினியில் போட்டுப் பார்த்தால் முதல் அரைமணி நேரம் அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் விடியற்காலையில் ரதி அழும் இடத்தில், குச்சி தப்பில் விழுந்து கை மேலே போன பிறகுதான் அடி கேட்கிறது.

இரண்டு கருவியும் பழுதில்லை. ஒவ்வொன்றின் உள்ளேயும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிக்கிறது, அந்தத் துடிப்பை எண்ணித்தான் ரெக்கோடர் விநாடிக்கு 48,000 முறை ஒலியை அளக்கிறது, கமரா 25 பிரேம், அதாவது 25 தனிப்படம், எடுக்கிறது. எந்த இரண்டு படிகமும் ஒரே மாதிரித் துடிப்பதில்லை, குளிருக்கும் சூட்டுக்கும் கொஞ்சம் மாறும். பத்து இலட்சத்தில் 20 பங்கு வித்தியாசம் என்றால் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவிநாடி. ஒரு பிரேம் 40 மில்லிவிநாடிதான், அப்போ ஏறக்குறைய இரண்டு பிரேம் போய்விட்டது. எட்டு மணி நேரத்தில் அரை விநாடிக்கும் மேல்.

இதைத் தீர்க்கத்தான் டைம்கோட் இருக்கிறது என்பார்கள். சரிதான், ஆனால் பாதிதான் சரி. டைம்கோட் என்பது ஒவ்வொரு பிரேமுக்கும் கொடுக்கும் முகவரி: மணி, நிமிடம், விநாடி, பிரேம். எல்டிசி என்ற வகையில் அந்த முகவரி ஒலியாகவே போகும். பிரேமுக்கு 80 பிட், 25 பிரேம் என்றால் விநாடிக்கு 2,000 பிட். ஒவ்வொரு பிட்டின் தொடக்கத்திலும் அலை மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ புரளும், நடுவிலும் ஒருமுறை புரண்டால் அது ஒன்று, புரளாவிட்டால் பூச்சியம். ஸ்பீக்கரில் விட்டால் ஓயாத கரகரப்பாகக் கேட்கும். அதை ஒரு ஓடியோ டிராக்கில் அப்படியே பதியலாம், ஒவ்வொரு முகவரியின் கடைசி 16 பிட்டும் மாறாத அடையாளம் என்பதால் பின்னோக்கி ஓட்டினாலும் படிக்கலாம். ஒன்று மட்டும் கவனம், சத்தத்தைக் கூட்டி வைத்தால் பக்கத்து டிராக்கிலும் கசிந்துவிடும்.

மின்னிசைக் கருவிகளை இணைக்கும் மிடி வயரில் போகும் எம்டிசி இன்னொரு வகை டைம்கோட். முகவரியை எட்டுத் துண்டாக்கி, பிரேமுக்கு நாலு துண்டாக அனுப்பும், அதனால் முழு முகவரி வந்துசேர இரண்டு பிரேம் ஆகும். ரீப்பர் போன்ற ஒலிப்பதிவு மென்பொருள் இந்த இரண்டையும் பின்தொடரும். இரண்டு பக்கமும் ஒரே பிரேம் எண்ணிக்கை இருக்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள். ஒரு பக்கம் 30, மறுபக்கம் 29.97 என்று இருந்தால் மணிக்கு 3.6 விநாடி விலகும்.

மீதிப் பாதி எது? அந்தக் காலத்தில் விடியமுன் தப்படித்து எல்லோரையும் பிரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, அழைப்பார்கள். எல்லா லயத்திலிருந்தும் ஒரே நேரத்துக்கு வந்து நிற்பார்கள். அதற்கப்புறம் மலை ஏறும்போது ஆளாளுக்கு ஒரு நடை. டைம்கோடை வைத்து ஒருமுறை சேர்ந்து கிளம்பிய கருவிகளும் அப்படித்தான், கிளம்பியபின் தத்தம் படிகத்தின் நடையில் போகும். நடையையும் ஒன்றாக்க வேர்ட் கிளொக் வேண்டும், ஒரு கருவியின் துடிப்பை வயர் வழியாகக் கொடுத்து மற்றதையும் அதே துடிப்பில் ஓட வைப்பது. இடம் சொல்வது டைம்கோட், வேகம் சொல்வது வேர்ட் கிளொக். மென்பொருளில் டைம்கோடை மட்டும் இணைத்துவிட்டு ஓடியோ கார்டைத் தன்பாட்டில் விட்டால், எங்கள் கூத்துப் பதிவுக்கு நடந்ததேதான் நடக்கும்.

கூத்துக் களத்தில் கமராவுக்கும் ரெக்கோடருக்கும் வயர் இழுக்க முடியாது. வசதியிருந்தால் இரண்டிலும் சின்னச் சின்ன டைம்கோட் பெட்டி பொருத்தலாம், இரவு முழுக்க எல்டிசி பதிவாகும், எந்த இடத்திலும் முகவரியைப் பார்த்துத் திருத்தலாம். எங்களிடம் அது இல்லை. முடிவில் கைதட்டவும் இல்லை, கட்டாயம் தட்டியிருக்க வேண்டும்.

அதனால் கடைசித் தப்படியையே அடையாளமாக எடுத்தோம். குச்சி தோலைத் தொடும் பிரேமைத் தேடிப் பிடித்து, ஓடியோவில் அந்த அடியின் முனையைப் பார்த்தால் 14 பிரேம் தள்ளி நின்றது, 560 மில்லிவிநாடி. பதிவு எட்டு மணி நேரம், வகுத்துப் பார்த்தால் பத்து இலட்சத்துக்கு 19 பங்கு. ரெக்கோடர் கமராவைவிட அவ்வளவு வேகமாக எண்ணியிருக்கிறது, கூடுதலாக எண்ணியதால்தான் ஓடியோ நீண்டு, சத்தம் பிந்தியிருக்கிறது. முழு ஓடியோவையும் அந்த அளவு சுருக்கினோம். சுருதியில் காதுக்கு எட்டும் மாற்றம் எதுவுமில்லை. ரதி அழும் இடத்தைத் திரும்பப் போட்டோம், குச்சியும் அடியும் சேர்ந்து விழுந்தன.